பதினோரு ஆண்டுகளாக நிரம்பாத செப்டிக் டேங்க்

கேள்வி: கும்பகோணத்தை ஒட்டிய ஓர் ஊராட்சியில் வசிக்கிறோம். வீட்டில் நான்கு பேர். 11 ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டியபோது அண்ணன் முன்னின்று 10 அடி நீளம், 8 அடி அகலம், 8 அடி ஆழத்தில் செப்டிக் டேங்க் கட்டிக் கொடுத்தார். அடியில் தளம் போடவில்லை, வெளியேற்றும் குழாயும் வைக்கவில்லை. பக்கச் சுவரில் செங்கல் இடைவெளி விட்டுக் கட்டினார் கொத்தனார். இத்தனை ஆண்டில் ஒருமுறைகூட நிரம்பியதில்லை. இந்த ஐப்பசி மழையில்தான் முதல்முறையாக நிரம்பி, கழிப்பறையில் ஊற்றும் தண்ணீர் இறங்காமல் நின்றது. லாரி வைத்து எடுத்தோம். பத்தே நாளில் மறுபடியும் நிரம்பிவிட்டது. "லாரிக்காரர் மேல்தண்ணீரை மட்டும் எடுத்து ஏமாற்றிவிட்டார். ஆள் இறங்கி அடிக்கசடை அள்ளினால்தான் சரியாகும். என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள், லாரியில் பாதிச் செலவுதான்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். டேங்க்கிலிருந்து 18 அடியில் கிணறு. அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், தெளிவாகவே இருக்கிறது. சின்னவளுக்கு மட்டும் அடிக்கடி வயிற்றுப்போக்கு. இன்னொரு கேள்வி: திருவாரூர் மாவட்டத்துக் கிராமத்தில் பெற்றோர் வீட்டில் அரசு மானியத்தில் கட்டிய இரட்டைக்குழிக் கழிப்பறை இருக்கிறது. குழி சின்னது, சீக்கிரம் நிரம்பிவிடும் என்று அப்பா அதில் விறகு அடுக்கிவிட்டார். அதை இடித்துவிட்டு எங்கள் வீட்டைப் போலப் பெரிய டேங்க்காகக் கட்டித் தரலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எதற்கும் முன்னால், அந்த இரண்டு பேரை வரவேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். பாதிச் செலவு என்ன, இலவசமாகவே செய்து தருகிறேன் என்றாலும் உங்கள் டேங்க்குக்குள் ஒருவர்கூட இறங்கக் கூடாது.

மூடிக் கிடக்கும் தொட்டியில் மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேர்கின்றன, ஆக்சிஜன் குறைகிறது. ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டை நாற்றம் உண்டு என்பது பலருக்கும் தெரியும். அளவு கூடிவிட்டால் நம் மூக்கு அந்த நாற்றத்தை உணரும் சக்தியையே இழந்துவிடும் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. நாற்றம் அடங்கிவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நேரத்தில்தான் ஆள் சாகிறார். மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டால் போதும் என்பார்கள்; நம்பாதீர்கள். கசடுக்குள் அடைபட்டிருக்கும் வாயு, அதைக் கிளறும்போதுதான் ஒரேயடியாக வெளியே வரும். விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். மீத்தேன் இருக்கும் இடத்தில் நெருப்பைக் காட்டுவது இன்னும் மோசம். முதல் ஆள் மயங்கி விழுவார். அவரைத் தூக்க அடுத்தவர் பதறி இறங்குவார். செப்டிக் டேங்க் சாவுகள் செய்தித்தாளில் இரண்டு பேர், மூன்று பேர் என்றே வருவதற்குக் காரணம் இதுதான்.

மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, எந்தத் தனிநபரும் நிறுவனமும் உள்ளாட்சியும், நேரடியாகவோ இடைத்தரகர் வழியாகவோ, ஆபத்தான முறையில் சாக்கடையையும் செப்டிக் டேங்க்கையும் சுத்தம் செய்ய ஆளை அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றமும் அல்ல. 'ஆளைக் கூட்டிவந்தவர் அவர்தான்' என்று சொல்லி வீட்டுக்காரர் தப்ப முடியாது. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து இதைச் செய்யாமல் இருங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு பேருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

அடுத்தது, லாரிக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. அடியில் தளம் இல்லாத, சுவரில் ஓட்டை விட்ட குழி அது. காவிரிப் படுகையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிலத்தடி நீர் கைக்கு எட்டும் ஆழத்துக்கு ஏறிவிடும். நீங்கள் லாரி வைத்து உறிஞ்சிய மறுநிமிடமே சுற்றியுள்ள மண்ணிலிருந்து நீர் உள்ளே ஊறத் தொடங்கியிருக்கும். பத்து நாளில் உங்கள் டேங்க்கை நிரப்பியது பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். மழைக்காலம் முடியும்வரை எத்தனை நடை எடுத்தாலும் இதே கதைதான். ஆளை இறக்கி அள்ளினாலும் மறுவாரம் நிரம்பத்தான் போகிறது.

மண்ணிலிருந்து உள்ளே நீர் வருகிறது என்றால், உள்ளே இருப்பது மண்ணுக்கும் போகும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் டேங்க்கின் கொள்ளளவு 640 கன அடி, ஏறக்குறைய 18,000 லிட்டர். கழிப்பறையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்று குறைத்தே வைத்தாலும், நான்கு பேருக்கு 160 லிட்டர். உண்மையான தொட்டியாக இருந்தால் நான்கு மாதத்தில் நிரம்பி, வெளியேற்றும் குழாய் வழியாக வழியத் தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் டேங்க்கில் வெளியேற்றும் குழாயே இல்லை. 11 ஆண்டுகளில் ஆறு லட்சம் லிட்டருக்கு மேல் மலம் கலந்த நீர் உள்ளே போயிருக்கிறது. ஆனாலும் நிரம்பவில்லை. அத்தனையும் 18 அடி தள்ளிக் கிணறு இருக்கும் அதே மண்ணுக்குள்தான் இறங்கியிருக்கிறது.

"பத்து வருஷமாகியும் எங்கள் டேங்க் நிரம்பவே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களை எல்லா ஊரிலும் சந்திக்கிறேன். கொத்தனார்களும் அதையே தங்கள் வேலைத்திறனுக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க்கில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுத்தே ஆகவேண்டும். எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை என்றால் அது கசிகிறது என்று பொருள்.

இப்போது கிணற்றுக்கு வருவோம். மகளின் வயிற்றுப்போக்குக்கு இந்தக் கிணறுதான் காரணம் என்று பரிசோதிக்காமல் சொல்லமாட்டேன். ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் ஊராட்சிக் குழாய் நீரை எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் தளதளவெனக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். பல் துலக்க, காய்கறி கழுவ, குழந்தையின் டம்ளரை அலச என்று கிணற்று நீர் புழங்கும் இடங்களையும் மறக்க வேண்டாம். வடிகட்டும் இயந்திரம் வைத்திருக்கும் பல வீடுகளில் நோய் நுழைவது இந்த வழியில்தான். தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மண் வடிகட்டித் தருவது கலங்கலை மட்டுமே. டைபாய்டுக் கிருமியும் மஞ்சள் காமாலை வைரஸும் கண்ணாடி போன்ற நீரிலும் இருக்கும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள், கட்டணம் அதிகமில்லை. கிருமிப் பரிசோதனை, நைட்ரேட் (கழிவு கலந்தால் நீரில் கூடும் உப்பு) இரண்டையும் கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக்குக் கண்ட பாட்டிலில் நீர் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களிடமே வாங்கி, நிரப்பிய சில மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். மாதிரி எடுக்கும் முன் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிடாதீர்கள், முடிவு பொய்யாகிவிடும். ஊராட்சியில் வைத்திருக்கும் சிறு குப்பிச் சோதனையும் ஓரளவு உதவும். குப்பியில் ஊற்றிய நீர் ஓரிரு நாளில் கறுத்தால் மலத்தொடர்பு இருக்கிறது என்று கொள்ளலாம். அதற்குப் பிறகு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுப் புழங்கலாம். அது அன்றைக்கு மட்டும்தான். பக்கத்தில் கசிந்துகொண்டே இருக்கும் கிணற்றைக் குளோரினால் காப்பாற்ற முடியாது.

உங்கள் வீட்டு டேங்க்கை மட்டும் சரிசெய்துவிட்டால் கிணறு தேறிவிடும் என்றும் எண்ண வேண்டாம். வாஸ்துப்படி கிணற்றை ஈசானிய மூலையில் தோண்டுகிறோம், டேங்க்கை வாயு மூலையில் வைக்கிறோம். ஒரு தெருவில் எல்லா வீடும் வடகிழக்கில் கிணறு, வடமேற்கில் டேங்க் என்று கட்டினால், கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் டேங்க் எங்கே வரும்? உங்கள் கிணற்றுக்கு அடுத்த மதில்சுவரில்தான் வரும். உங்கள் டேங்க் 18 அடியில் என்றால் அவருடையது அதைவிட நெருக்கத்தில் இருக்கக் கூடும். போய்ப் பாருங்கள். சண்டை போடுவதற்காகச் சொல்லவில்லை. உங்களுடையது உங்களுக்கு மேற்கே இருப்பவரின் கிணற்றுக்கு என்ன செய்கிறதோ, அதையேதான் அவருடையது உங்களுக்குச் செய்கிறது.

இனி கட்டுமானம். பழைய குழிக்குத் தளம் போட்டுப் பூசிவிடலாமா என்று அண்ணன் கேட்பார். வேண்டாம், அதற்கும் ஆள் உள்ளே இறங்கவேண்டும். சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் இறங்கியபின் லாரி வைத்து முழுதாக உறிஞ்சச் சொல்லுங்கள். கெட்டிப்பட்ட கசடை மேலிருந்தே குழாயால் நீரைப் பீய்ச்சிக் கரைத்து எடுப்பார்கள். பிறகு மேலிருந்தபடியே மணலும் மண்ணும் கொட்டி மூடிவிடுங்கள். புதிய தொட்டி சின்னதாகவே போதும். ஐந்து பேருக்கு ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர நெறி சொல்லும் அளவு: நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் முக்கால் மீட்டர், நீர் நிற்கும் ஆழம் ஒரு மீட்டர். சுமார் 1,100 லிட்டர்தான். அண்ணன் கட்டியது அதைப் போலப் பதினாறு மடங்கு! கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பணத்தை அளவில் போடாமல் தரத்தில் போடுங்கள்: கான்கிரீட் தளம், நான்கு பக்கமும் நீர் கசியாத பூச்சு, நடுவில் தடுப்புச் சுவர் வைத்து இரண்டு அறை, உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் டி வடிவ இணைப்பு, கொசுவலை கட்டிய காற்றுக் குழாய், லாரிக் குழாய் நுழைகிற அகலத்தில் மூடி. மூடியின் மேல் டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடாதீர்கள். பூசி முடித்ததும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே கொத்தனாருக்குக் கடைசிப் பணம் கொடுங்கள்.

தொட்டியிலிருந்து வெளியேறும் நீரும் சுத்தமானதல்ல. அதை உறிஞ்சுகுழிக்கு விடவேண்டும், தெருச் சாக்கடைக்கு அல்ல. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர், அதாவது 60 அடி இடைவெளி வேண்டும் என்கிறது அதே நெறி. உங்கள் தெரு மனைகளில் அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த இடைவெளி கிடைக்க வழியில்லை. அதனால் குடிநீருக்குக் கிணறு இனி இல்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தோட்டத்துக்கும் துணி துவைக்கவும் இருக்கட்டும். சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

லாரியைக் கூப்பிடும்போது உள்ளாட்சியில் உரிமம் பெற்ற வண்டியா, எடுத்த கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று கேளுங்கள். 14420 என்ற கட்டணமில்லா எண்ணில் விசாரிக்கலாம். ஆற்றிலோ வாய்க்காலிலோ கொட்டும் வண்டிக்குப் பணம் கொடுத்தால், உங்கள் வீட்டுக் கசடு இன்னொரு ஊரின் குடிநீருக்குப் போகிறது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழிப் பேரூராட்சியில் 2017-இல் கசடுக்கென்றே சுத்திகரிப்பு நிலையம் தொடங்கினார்கள். லாரி அங்கே போய் ஊற்றுகிறது; கசடு படுகைகளில் காய்கிறது, நீர் தனியே சுத்தமாகிறது. பாதாளச் சாக்கடை போட வசதியில்லாத சிற்றூர்களுக்கு இதுவே நடக்கக்கூடிய வழி. நகரங்களில் எல்லா வீட்டுக்கும் பாதாளச் சாக்கடை இருக்கிறது என்ற எண்ணமும் தவறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாட்டின் நகர்ப்புற வீடுகளில் குழாய்ச் சாக்கடையில் இணைந்தவை 32.7 சதவீதம், செப்டிக் டேங்க்கை நம்பியிருந்தவை 38.2 சதவீதம்.

பெற்றோர் வீட்டுக்கு வருகிறேன். அந்தக் கழிப்பறையை இடிக்காதீர்கள். ஒழுங்காகக் கட்டியிருந்தால் அது உங்கள் வீட்டு டேங்க்கைவிடப் பல மடங்கு நல்லது.

அப்பாவின் பயத்தை அலட்சியப்படுத்தவும் வேண்டாம். தூய்மை இந்தியா இயக்கத்தில் 2014 முதல் வீட்டுக்கு 12,000 ரூபாய் வரை மானியம் கொடுத்துக் கோடிக்கணக்கில் கழிப்பறைகள் கட்டினோம். 2019 அக்டோபர் 2-இல் கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளிக் கழிப்பு முடிந்துவிட்டது என்றும் அறிவித்தாயிற்று. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு, கிராமப்புற வீடுகளில் 26 சதவீதத்தினர் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்றது. நகர்ப்புறத்தில் 6 சதவீதம். கட்டிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் குழி எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து விளக்கவில்லை. நிரம்பினால் யார் அள்ளுவது என்ற கேள்வி உங்கள் அப்பா தலைமுறையின் மனத்தில் பெரிதாக நிற்கிறது. அந்தக் கேள்விக்குப் பின்னால் சாதி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சில சாதியினர் தலையில் சுமத்திய வேலை அது என்பதால், அதைத் தொடவோ நினைக்கவோகூட மற்றவர்கள் விரும்புவதில்லை. ஊரெல்லாம் அறை அளவு டேங்க் கட்டுவதும், சின்னக் குழி வைத்த கழிப்பறையில் விறகு அடுக்குவதும் இந்த ஒரே தயக்கத்திலிருந்து பிறந்தவை என்பது என் எண்ணம்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். இரண்டு குழியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குழி ஐந்து பேருக்கே மூன்று ஆண்டுக்கு மேல் வரும். இவர்கள் இரண்டே பேருக்கு அதைவிட அதிகம். நிரம்பியதும், கழிப்பறைக் குழாய் இரண்டு குழிக்கும் பிரியும் இணைப்புப் பெட்டியில் அடைப்பை மாற்றி அடுத்த குழிக்குத் திருப்பிவிடலாம். முதல் குழியைக் குறைந்தது ஓர் ஆண்டு, முடிந்தால் இரண்டு ஆண்டு மூடி வைக்கவேண்டும். உருளைப்புழுவின் முட்டைகள் மண்ணில் நெடுநாள் தாங்கும், அதனால்தான் இவ்வளவு பொறுமை. பிறகு திறந்தால் ஈரமோ நாற்றமோ இல்லாத, மக்கிய எருவாக இருக்கும். தென்னைக்கும் வாழைக்கும் போடலாம். அப்பா விவசாயி என்றால், மக்கிய எருவைக் கையில் எடுத்துப் பார்த்ததும் அவருக்கே விளங்கிவிடும். பக்கத்து ஊரில் யாராவது திறந்திருந்தால் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், ஆயிரம் வார்த்தை மிச்சம்.

நீங்கள் போகும்போது அந்த இணைப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டு வழியும் திறந்தே கிடக்கும், இரண்டு குழியும் ஒருசேர நிரம்பிவிடும். ஒன்றைச் செங்கலும் களிமண்ணும் வைத்து அடைத்துவிடுங்கள். குழியின் அடியில் கான்கிரீட் போட்டிருந்தால் நீர் இறங்காது. பீங்கான் சரிவு அதிகமான கிராமப்புற வகையாக இருந்தால் ஒன்றரை, இரண்டு லிட்டர் நீரே போதும். நகரத்துப் பீங்கானை மாட்டியிருந்தால் வாளி வாளியாக ஊற்றிக் குழியைக் குளமாக்கிவிடுவார்கள். திருவாரூர்ப் பக்கம் களிமண் என்பதால் மழைக்காலத்தில் குழியில் நீர் நிற்கிறதா என்றும் பாருங்கள். நின்றால் குழியைத் தரைக்கு மேல் ஓர் அடி உயர்த்தி, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு மெல்லிய மணல் நிரப்பவேண்டும். அந்த நிலையில் மட்டும் குழியின் அடியை மூடி, நீரைப் பக்கவாட்டில் வடியவிட்டு, கிணற்றிலிருந்தும் அடிபம்பிலிருந்தும் 10 மீட்டராவது தள்ளி வைக்கவேண்டும். நீர் இன்னும் மேலே நிற்கும் இடமென்றால் திருச்சி மாவட்டம் முசிறிப் பகுதியில் கட்டியதைப் போல, மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகச் சேர்த்துத் தரைக்கு மேலேயே மக்கவைக்கும் சூழல் கழிப்பறையை யோசிக்கலாம். அதைப் பரப்பிய சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

விறகை எடுத்துவிட்டால் மட்டும் அப்பா உள்ளே போய்விடமாட்டார். முழங்கால் வலி இருக்கிறதா என்று கேளுங்கள். உட்கார்ந்து எழ ஒரு கைப்பிடிக் கம்பி, பீங்கானுக்கு மேல் போடும் கமோடு நாற்காலி, உள்ளே ஒரு குழாய், ஒரு விளக்கு, வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு: டேங்க்குக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு ஆகாது. அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. விறகு அடுக்கிய நாளிலிருந்து அவர் எங்கே போகிறார்? இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, கடைசியில் சிறுநீர்த் தொற்றோடு மருத்துவரிடம் போகும் பெண்கள் கிராமங்களில் ஏராளம். அப்பாவோடு பேசுவதற்கு முன் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கிணற்றுப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு ஜனவரி 26 கிராம சபைக்குப் போங்கள், அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு. மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்: தெருவில் எல்லாக் கிணற்று நீரையும் பரிசோதிப்பது, எல்லா வீட்டு டேங்க்குகளிலும் முறை வைத்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுப்பது, அந்தக் கசடைக் கும்பகோணம் மாநகராட்சியின் சுத்திகரிப்பு நிலையத்தில் ஏற்றுக்கொள்ள எழுத்துபூர்வமாக ஏற்பாடு செய்வது. ஜனவரியில் முடியாவிட்டால் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் கிராம சபை கூடும். பரிசோதனை முடிவை எனக்கும் அனுப்புங்கள். நைட்ரேட் அளவைப் பார்த்தபின், அந்தக் கிணற்று நீரைக் குழந்தைக்கு வேறு எதற்கெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.